பவுனம்மா அக்காவின் பல் அச்சு

ஜெசி, டேனியல்,

போன வாரம் ஜெசி கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணினாள் இல்லையா, அதிலிருந்து தொடங்குகிறேன். காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது, கொட்டாவி விட்டால் காதுக்குப் பக்கத்தில் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது, ராத்திரி முழுக்கப் பல்லைக் கடிக்கிறேனென்று கூடத் தங்கியிருக்கிற பெண் சொல்கிறாள் என்றாள். ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் அம்மா உடனே, "வயித்துல பூச்சிலா அது. பார்மசில பூச்சி மருந்து வாங்கிப் போடு, சரியாப் போயிரும்" என்றாள். டேனியல், "பூச்சி வயித்துல இல்லம்மா, அவ ஆபீஸ்ல இருக்கு. அதான் அவ பாஸு" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஈப்போவில் பல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன் நான். ஊரில் பாதிப் பேருடைய வாயை அச்சாகக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பட்டறைக்கு வந்தால், "இது யார் பல்லுப்பா?" என்று கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன். அது எங்கள் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, போட்ட சட்டம். இப்போது ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த அக்கா இன்று உயிரோடு இல்லை. அவர் மகனிடம் கேட்டு, அவன் சரியென்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயரையும் மாற்றியிருக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. டாக்டர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத முடியும்.

சுங்காய் பக்கம் எங்கள் தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். அப்போது நான் மீசை முளைக்காத பையன். தேவாலயத்தில் பழக்கமான ஒருவர் வழியாக ஈப்போவுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். முதலாளி மிஸ்டர் ஃபூங். நாங்கள் தவுக்கே என்போம். முதல் வருடம் முழுக்க மாவு கரைத்து ஊற்றியது மட்டும்தான். மெழுகைத் தொட அடுத்த வருடம் ஆனது. முழுப் பல்செட்டைத் தனியாகச் செய்ய இன்னும் சில வருடம். படிப்பு அவ்வளவுதான்.

அந்த மாவு ஊற்றுவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளினிக்கில் டாக்டர் நோயாளியின் வாயில் பசை மாதிரி ஒன்றை வைத்து அழுத்தி, இறுகியதும் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி அனுப்புவார். அதற்குள் பல்லெல்லாம் பள்ளமாக இருக்கும். நாங்கள் அதைக் கழுவி, கல்மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி அச்சு எடுப்போம். மாவு தோசை மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், கரண்டியில் ஒட்டி நிற்கவும் கூடாது. அதிர்கிற மேசையில் அந்தப் பசை இருக்கிற தட்டை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மட்டும் விட வேண்டும். மாவு ஒவ்வொரு பல்லாக இறங்கி, காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அவசரப்பட்டு நடுவில் ஊற்றினால் ஒரு குமிழி மாட்டிக்கொள்ளும். இறுகிப் பிரித்தால் பல் நுனியில் ஓட்டை. அந்த அச்சு குப்பைக்குத்தான்.

தவுக்கே பேச்சுக் குறைந்த மனிதர். ஒவ்வொரு அச்சையும் விளக்குக்கு அடியில் பிடித்து, ஒருமுறை நேராக, ஒருமுறை கவிழ்த்து, சத்தமில்லாமல் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது பெயர்ச் சீட்டை இடது கையால் மூடிக்கொள்வார். யாருடையது என்று தெரிந்தால் கண் அந்த ஆளைப் பார்க்கும், பல்லைப் பார்க்காது என்பது அவர் எண்ணம். பார்த்து முடித்தால் மலாயில் 'போலே' என்பார், அல்லது 'தா போலே' என்பார். ஆகும், ஆகாது. வேறு பேச்சு கிடையாது. சேர்ந்த புதிதில் நான் ஒரு அச்சைக் கை தவறிக் கீழே போட்டேன். அவர் கோபப்படவில்லை. உடைந்த துண்டுகளை என்னைக் கொண்டே பொறுக்கச் சொல்லி, தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "இனி ஓராங், புக்கான் பத்து" என்றார். இது ஆள், கல் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் எந்த அச்சையும் ஒரு கையால் தூக்கியதில்லை.

அவர் சொன்னது நிஜம் என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. பரீட்சை நெருங்கினால் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளின் அச்சுகள் வர ஆரம்பிக்கும். பதினேழு வயதுப் பல்லில் நுனி இருக்காது, அரத்தால் ராவின மாதிரி மொட்டையாக இருக்கும். லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். ஒருமுறை நான் செய்த பல்செட்டு ஒன்று கொஞ்ச காலத்திலேயே திரும்பி வந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவருடையது. அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. நான் செதுக்கி வைத்த மேடு பள்ளமெல்லாம் போய், பல்செட்டு தாயக்கட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. பல்லே இல்லாத மனிதர் கடிக்கிறார். எதைக் கடிக்கிறார்? 

இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவர் டாக்டர் அஸ்லினா. எங்களிடம் வேலை கொடுத்த கிளினிக்குகளில் அவருடையதும் ஒன்று. தவுக்கே எவ்வளவு பேச மாட்டாரோ அவ்வளவு பேசுவார். தானே காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மலாயில் மளமளவென்று சொல்லுவார். நாள் முழுக்க எடுத்துக்கொண்டாலும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியது சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும்தானாம். மற்ற நேரமெல்லாம் நடுவில் இடைவெளி இருக்க வேண்டுமாம். பயமோ கவலையோ வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிற மாதிரி இறுகுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, தாடை கவ்விக்கொள்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் உடம்பு தாங்கும். வருடக்கணக்கில் போனால் தூக்கம் கெடும், நெஞ்சு கெடும், மனசும் சோர்ந்துபோகும் என்றார். இதெல்லாம் தனித்தனி வியாதி என்று நாம் தனித்தனி கிளினிக்குக்கு ஓடுகிறோம், உடம்புக்கு அது ஒன்றுதான் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட அன்று மத்தியானம் எனக்கு வேலையே ஓடவில்லை. பல்லின் மேல்தோடு நாம் குழந்தையாக இருக்கும்போது படிப்படியாக உண்டாவது. ஒருமுறை உண்டானால் அவ்வளவுதான். தோல் மாதிரி, எலும்பு மாதிரி புதுசாகாது. அது உண்டாகிற காலத்தில் பிள்ளை கடுமையான காய்ச்சலிலோ பசியிலோ கிடந்தால் வேலை அங்கேயே தடைப்படும், அந்த இடத்தில் ஒரு பள்ளக் கோடு நின்றுவிடும். அது கூடப் பரவாயில்லை. பால் பல்லை மெல்லிசாக அறுத்து, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தால், பிள்ளை பிறந்த நாளுக்கென்று ஒரு கோடு தெரியுமாம். தாய் வயிற்றிலிருந்து வெளியே வருவதே உடம்புக்கு அவ்வளவு பெரிய அதிர்ச்சி. யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருவரும் பிறந்த நாளை எங்கள் கல்யாண ஆல்பத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் உடம்பு அதை முன்னாலேயே பல்லுக்குள் குறித்து வைத்திருந்தது.

நான் சொல்ல வந்த பவுனம்மா அக்காவின் அச்சு வந்தது நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். டாக்டர் அஸ்லினா அனுப்பினார். அறுபதை ஒட்டிய வயது. கடைவாய்ப் பல் ஒன்று நட்டநடுவே பிளந்து பிடுங்கியாகிவிட்டது. மற்ற கடைவாய்ப் பற்களிலும் விரிசல். சில நாள் காலையில் வாய் திறக்கவே மாட்டேனென்கிறது, கஞ்சியை ஸ்பூனில்தான் விட வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், அது இறங்கவில்லை. தூக்கமும் கிடையாது. ராத்திரி கடிப்பதை நிறுத்தாவிட்டால் மிச்சப் பல்லும் ஒவ்வொன்றாகப் பிளக்கும். அதனால் மேல்பல்லுக்கு ஒரு நைட் கார்டு கேட்டார்.

நைட் கார்டு என்பது கண்ணாடி மாதிரித் தெளிவான அக்ரிலிக்கில், பல்வரிசை மேல் கச்சிதமாக மாட்டுகிற ஒரு மூடி. படுக்கும்போது போட்டுக்கொள்வது. கடித்தாலும் பல்லோடு பல் உரசாது. அதைச் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. கீழ்ப்பல் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அதைத் தொட வேண்டும். மெல்லிய மைத்தாளை நடுவில் வைத்துக் கடிக்க வைத்தால் தொடுகிற இடமெல்லாம் புள்ளி விழும். புள்ளி இந்தப் பக்கம் அழுத்தமாகவும் அந்தப் பக்கம் லேசாகவும் இருந்தால், அழுத்தமான இடத்தைத் துளித்துளியாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளி விழுகிற வரை விடக்கூடாது.

அப்படித்தான் செய்து அனுப்பினேன். சில வாரத்தில் வலது பக்கம் பின்னால் உடைந்து வந்தது. தவுக்கே உடைந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது அக்ரிலிக் பொட்டலத்தைப் பிரித்து, பல வருடத்துக்குப் பிறகு தானே மேசையில் உட்கார்ந்து இரண்டாவதைச் செய்தார். அதுவும் உடைந்தது. அதே இடம். மூன்றாவதை இன்னும் தடிமனாகச் செய்தோம். அந்தத் தடிமனில் சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று உடையாது. தூங்குகிற ஒரு அம்மாள், ஒல்லியான உடம்பு, அதையும் உடைத்துவிட்டார். அவருடைய மகன் குமார் கிளினிக்கில் சத்தம் போட்டானாம். அம்மா வேண்டுமென்றே எங்கேயோ போட்டு உடைக்கிறார், அல்லது நீங்கள் கொடுப்பது மட்டமான சாமான் என்று. டாக்டரும் நாசூக்காக, சாமானை மாற்றிப் பார்க்கலாமா என்று தவுக்கேயிடம் கேட்டார். தவுக்கேவுக்கு அது பொறுக்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் அன்று அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மூன்றாவது கார்டின் துண்டுகளை விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு சின்ன இடுக்கியான சிமிட்டாவை எடுத்து, விரிசலுக்குள் விட்டு, எதையோ இழுத்தார். ஒரு நூல். பச்சை நூல், ஒரு அங்குலம்கூட இருக்காது. அதை வெள்ளைத் தாளில் வைத்து மடித்து என்னிடம் கொடுத்து, டாக்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடு, வேறு யாரிடமும் பேசாதே என்றார்.

நான் போன நேரத்தில் அவர்களும் கிளினிக்கில் இருந்தார்கள். பவுனம்மா அக்கா ஒரு கையைக் கன்னத்தில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். குமார் ஆறடி ஆள், வேலைக்கு லீவு போட்டு வந்த கடுப்பில் சுவரில் சாய்ந்து நின்றான். டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு, கார்டு செய்கிறவர் இவர்தான் என்றார். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயை அதிகம் திறக்காமல், "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

"சுங்காய் பக்கம்க்கா."

"நாங்க தெலுக் இந்தான் ரோட்டுப் பக்கம். தோட்டம் போச்சு. இப்ப புந்தோங்ல மவன் வீட்டுலதான், பிளாட்டுல."

டாக்டர் தாளைப் பிரித்து நூலைக் காட்டினார். மலாயில்தான் கேட்டார், மெதுவாக. இது உங்களுடையதா, ராத்திரி வாயில் வேறு ஏதாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று. அக்கா நூலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அப்புறம் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னார்.

"துணி வெச்சிப்பேன் தம்பி. பத்து வயசுலேருந்து."

அவர் சொன்னதை நான் டாக்டருக்கு மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்களுக்கு லயத்து வீடு தெரியாது. வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். நடுச்சுவர் கூரை வரை போகாது, மேலே திறந்துதான் கிடக்கும். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். அந்த அக்காவுக்குச் சின்ன வயதிலேயே தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம். உங்கள் அம்மா சொன்ன மாதிரியே பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிற்கவில்லை. பொம்பளைப் பிள்ளை ராத்திரி பல்லைக் கடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று லயத்தில் பேச்சு. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை காய்ச்சல் வந்து செத்துப்போனது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய், துக்கத்தில், எல்லார் முன்னாலும் இவரைக் காட்டி, இந்தப் பொண்ணு கடிச்ச கடிதான் சுவருக்கு மேலே வந்து என் புள்ளையத் தின்னிருச்சு என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி இவருடைய அம்மா ஒரு பழைய சாரோங்கைக் கிழித்து, சுருட்டி, இவர் வாயில் வைத்தார். சத்தம் வெளியே போகக்கூடாது.

அன்றிலிருந்து துணி. பால் வெட்டப் போன காலத்தில், கல்யாணம் ஆகி வந்த வீட்டில், புருஷன் போன பிறகு, எப்போதும். துணி நைந்தால் வேறு துணி. புருஷனுக்கே தெரியாது என்றார். எல்லாரும் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வார், பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்து எடுத்துவிடுவார்.

"இப்ப பேத்தி என் ரூம்லதான் படுக்குது தம்பி. ரெண்டு வயசு. அந்த கார்டு பிளாஸ்டிக்குதானே, சத்தம் போட்டுருச்சுன்னா? அதான் அதுக்கு மேல துணிய வெச்சிக்கிறேன். நான் தூங்குறதே இல்ல. தூங்குனா கடிப்பேன். கடிச்சா..."

கன்னத்திலிருந்த கை வாய்க்குப் போய்விட்டது.

அதனால்தான் உடைந்தது. மடித்த துணி வலது பக்கம் இருக்கும். கடிக்கிற பலமெல்லாம் அந்த ஒரே இடத்தில் இறங்கும். மூன்று கார்டும் அங்கேயே உடைந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அறையில் யாருக்கும் கார்டைப் பற்றி நினைப்பு இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட முடியவில்லை. கடித்துவிடுவோமோ என்று பயம், பயத்தில் கடி, கடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் பயம். இதை ஒரு மனுஷி பத்து வயதிலிருந்து சுமந்துகொண்டு, பால் வெட்டி, பிள்ளை பெற்று, வளர்த்து, வந்து நிற்கிறார். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

முதலில் பேசியது குமார்தான். சுவரிலிருந்து நகர்ந்து வந்து அம்மாவுக்கு முன்னால் குந்தினான். "எனக்குத் தெரியும்மா" என்றான்.

அக்கா அவனை வெறித்துப் பார்த்தார்.

"துணி வெச்சது தெரியாது. சத்தம் தெரியும். துணி எங்க உன் வாயில நின்னுச்சு? பாதி ராத்திரில விழுந்திருக்கும்லா. சின்னதுலேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இருட்டுல அம்மா பக்கத்துல இருக்குன்னு அத வெச்சிதான் தெரியும்."

"கேட்டியா நீ?"

"தெனமும். நான் செத்தா போயிட்டேன்? இங்க பாரு, தொண்ணூறு கிலோ இருக்கேன்."

நான் அதையெல்லாம் 'தொண்ணூறு கிலோ' வரை மலாயில் டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு டிஷ்யூவை எடுத்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாடை வலிக்கும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார், சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. குமார் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, அம்மா மடியில் கையை வைத்தபடி, அங்கேயே குந்தியிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கிளினிக்கில் வைத்திருந்த அவருடைய இன்னொரு அச்சை எடுத்து, முன்பல்லின் நடுவே ஓடுகிற ஒரு கோட்டைக் காட்டினார். சின்ன வயதில் பெரிய வியாதி ஏதாவது வந்ததா என்று கேட்கச் சொன்னார். மூன்று வயது இருக்கும்போது ஆயாக்கொட்டகையில், அதுதான் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம், அங்கே அம்மை போட்டுப் பிழைக்காது என்று பாயில் கிடத்திவிட்டார்களாம், அம்மா சொல்லியிருக்கிறார் என்றார் அக்கா. சொல்லிவிட்டு அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல இருக்கா அது?" என்றார். 

டாக்டர் விளக்கியதை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் தோட்டத்துக் கணக்கிலேயே சொன்னேன். பெரட்டு மணி அடித்தால் நாம் யோசிக்கிறதுக்கு முன்னாலே உடம்பு எழுந்து நிற்கும் இல்லையாக்கா, உங்கள் உடம்புக்குப் பத்து வயதில் ஒரு மணி அடித்தார்கள், அது நின்றுவிட்டது என்று யாரும் உடம்புக்குச் சொல்லவில்லை, நெஞ்சும் ரத்தமும் தாடையும் இன்னும் எழுந்தே நிற்கின்றன என்றேன். அவர் தலையாட்டினார். டாக்டர் சொன்னதில் பாதியாவது அதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நாலாவது கார்டு செய்தோம். தவுக்கேயும் நானும் சேர்ந்து. விஷயத்தை நான் தவுக்கேயிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நூல் டாக்டருக்குக் கிடைத்ததா என்று மட்டும் கேட்டார், கிடைத்தது என்றேன். சில மாதம் கழித்து அந்தக் கார்டு சோதனைக்கு வந்தது. உடையவில்லை. விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாகக் கடித்த தழும்பு. இடது பக்கம் எத்தனை, வலது பக்கமும் அத்தனை. தவுக்கே 'போலே' என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன், அது பொய். அக்கா கடைசி வரை தூக்கத்தில் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ரத்த அழுத்த மாத்திரையும் நிற்கவில்லை, கூட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மனசுக்குப் பார்க்கிற கிளினிக்குக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். புந்தோங்கில் கேட்டவர்களிடமெல்லாம் தலைவலிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதற்கும் போய்வந்தார். தூக்கம் வந்தது. வாய் திறந்தது. மிச்சப் பல் பிளக்கவில்லை. ஒருமுறை சந்தையில் பார்த்தபோது, "அந்தத் துணி இப்ப அடுப்பு தொடைக்குது தம்பி" என்றார். பேத்தி அவர் இடுப்பில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜெசி, அதனால் சொல்கிறேன். பூச்சி மருந்து வேண்டாம். பல் டாக்டரிடம் போ, கார்டு போட்டுக்கொள். வேலை செய்யும்போது இடையில் ஒருமுறை கவனித்துப் பார், பல்லோடு பல் ஒட்டியிருந்தால் விலக்கிவிடு. உதடு மூடியிருக்கட்டும், பல் மட்டும் விலகியிருக்கட்டும். அது சின்ன காரியம். பெரிய காரியம் என்னவென்றால், உன் உடம்பு எதற்கு எழுந்து நிற்கிறது என்று எங்களிடம் சொல். எங்களிடம் சொல்ல முடியாவிட்டால் அதற்கென்று படித்தவர்களிடம் போய்ச் சொல். நாங்கள் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். டேனியல், உனக்கும்தான். சிரிக்கிறவர்களுக்கும் தாடை இருக்கிறது.

நூலைக் கொண்டுபோன அன்று கிளினிக்கிலிருந்து நான் பட்டறைக்குத் திரும்பிய பிறகு நடந்ததை யாருக்கும் சொன்னதில்லை. சாயங்காலம், தவுக்கே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் போகிற லகாட் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அலமாரியிலிருந்து பவுனம்மா அக்காவின் மேல் அச்சையும் கீழ் அச்சையும் எடுத்தேன், இரண்டு கையாலும். மேலதைக் கீழதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினேன். ஒரு இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. ஐம்பது வருடம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுக்கொன்று இடம் செய்துகொண்ட பற்கள், பூட்டில் சாவி மாதிரி. அங்கிருந்து லேசாக வலது பக்கம் இழுத்தேன்.

நற, நற.

கல்தான், ஆனால் சத்தம் நிஜம். ஒரு லயமே கேட்டுவிடக் கூடாதென்று அடைத்து வைத்த சத்தம். ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டே தூங்கிய சத்தம். ஆளில்லாத பட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நான் நின்று கேட்டேன்.

பிறகு மேசையிலிருந்து மெழுகுத் தகட்டை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, விளக்கில் காட்டி இளக்கி, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் வைத்தேன். பல்லோடு பல் தொடாதபடி சரிபார்த்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.